நீல் தீவுக் கடற்கரைகள்: மதிப்பெண் போடுமுன் மணியைப் பாருங்கள்

அந்தமானின் நீல் தீவைப் பற்றி இணையத்தில் வரும் மதிப்புரைகளை வரிசையாகப் படித்தால் தலை சுற்றும். பரத்பூர் கடற்கரைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, தண்ணீர் பளிங்கு, குழந்தைகளுக்குச் சொர்க்கம் என்கிறார். அடுத்தவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, கல்லும் பாசியும்தான், கால் வைக்க இடமில்லை என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. முன்னவர் போனபோது நீர் ஏறியிருந்தது, பின்னவர் போனபோது வற்றியிருந்தது, அவ்வளவுதான். நேரத்தைக் குறிப்பிடாத மதிப்புரை நீல் தீவுக்குப் பிரயோஜனமில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு கரைக்கும், அதையொட்டி விற்கப்படும் ஒவ்வொரு சேவைக்கும் எந்த நேரத்தில் என்ன மதிப்பெண் என்று பிரித்தே சொல்கிறோம்.

சென்னைக் கடற்கரையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுச் சங்கதி. மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மிஞ்சிப்போனால் ஒரு மீட்டரை ஒட்டித்தான் வித்தியாசம். மணற்கரை சடாரென்று இறங்குவதால் அதுவும் கண்ணில் படாது. அந்தமானில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் ஏறத்தாழ 2 மீட்டர். நீல் தீவின் கரைகளோ முருகைக்கல் (பவளப்பாறை) தட்டின் மேல் மெல்லச் சரிபவை. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் நீர் 1.8 மீட்டர் தாழ்ந்தால், கடல் 180 மீட்டர் தள்ளிப் போய்விடும். காலையில் இடுப்பளவு நீரில் நீந்திய இடத்தில் மாலையில் நண்டு ஓடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே, ரிச்சி தீவுக் கூட்டத்தில் இருக்கும் சின்னத் தீவு இது. 2018 டிசம்பர் 30 முதல் அரசுப் பெயர் ஷஹீத் த்வீப். கப்பல் சீட்டிலும் பலகையிலும் அப்படித்தான் இருக்கும், பேச்சில் எல்லாருக்கும் நீல்தான். போர்ட் பிளேரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, முன்பதிவு செய்யும்போது இரண்டு பெயரையும் தேடிப் பாருங்கள். அரசுக் கப்பலில் சுமார் 2 மணி நேரம், தனியார் விரைவுக் கப்பலில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஊர்களின் பெயரெல்லாம் ராமாயணத்திலிருந்து: பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர், சீதாபூர். நடுவில் கடைத்தெரு இருக்கும் நீல் கேந்திரா. 1960களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களைக் குடியேற்றிய தீவு என்பதால் வீட்டில் பேசுவது வங்காளம், இந்தி எல்லாரிடமும் செல்லும். தமிழ் கேட்கும் போர்ட் பிளேர் கடைத்தெருவிலிருந்து வருபவர்கள் அதே எதிர்பார்ப்போடு இங்கே இறங்க வேண்டாம்.

திதியை வைத்தே மணி சொல்லலாம்

ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு வற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நாளுக்கு நாள் எல்லாம் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். இதுவரை பள்ளிப்பாடம். ஆனால் ஓர் இடத்தில் பௌர்ணமி அன்று ஏற்றம் எத்தனை மணிக்கு வருகிறதோ, எல்லாப் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அதை ஒட்டியேதான் வரும். இதை நம் ஊர்க்காரர்கள் பயன்படுத்திக்கொள்வதில்லை. கையில் தினசரி காலண்டர் இருப்பவருக்கு இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது.

நீல் தீவுக்கு அந்தக் கணக்கு தோராயமாக இப்படி. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் காலை 9, 9½ வாக்கில் ஏற்றம், பிற்பகல் 3, 3½ வாக்கில் வற்றம். துவிதியையில் வற்றம் நாலரையை ஒட்டிப் போய்விடும். அஷ்டமியில் காட்சி தலைகீழ்: காலை 9½, 10½க்குள் வற்றம், மாலையில் ஏற்றம். ஆனால் அஷ்டமி, நவமியில் நீர் அதிகம் இறங்காது, அதிகம் ஏறாது. அந்த நாட்களின் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இன்னொரு நுணுக்கம்: மிக ஆழமான வற்றம் பௌர்ணமி அன்றே வராது, ஓரிரு நாள் தள்ளி வரும். பிரதமை, துவிதியை நாட்கள் பௌர்ணமியைவிட உசத்தி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மார்ச், செப்டம்பர் மாதங்களின் பௌர்ணமி, அமாவாசைகளில்தான் கடல் அதிகமாக உள்வாங்கும்.

திதி கணக்கு விடுப்பு எடுக்கவும், கப்பல் பதிவு செய்யவும் போதும். பாறையில் கால் வைக்கும் நாளுக்கு அட்டவணை வேண்டும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத (ஏற்ற வற்ற) அட்டவணையில் போர்ட் பிளேர் முக்கிய நிலையம், 1880இலிருந்தே அங்கே கடல்மட்டம் அளக்கிறார்கள். போர்ட் பிளேர் நேரத்தை நீலுக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம், சில நிமிடங்கள் முன்பின் இருக்கும். அலை எச்சரிக்கைக்கு ஹைதராபாத்திலிருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் இணையதளம். செல்பேசிச் செயலிகளும் பரவாயில்லை, நேரம் இந்திய நேரத்தில்தான் காட்டுகிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தீவில் சிக்னல் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அட்டவணையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு கப்பல் ஏறுவது நல்லது.

அட்டவணையில் நேரத்தோடு உயரமும் இருக்கும். பலர் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுவார்கள். வற்றத்தின் உயரம் 0.5 மீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் இயற்கைப் பாலம் என்கிற பாறை வளைவுக்கு நல்ல நாள். 0.5 முதல் 0.8 வரை என்றால் போகலாம், கணுக்கால் நனையும், குட்டைகள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். 0.9க்கு மேல் என்றால் அந்த நாளைக் கடற்குளியலுக்கு விட்டுவிடுங்கள்.

இயற்கைப் பாலம்: சரியான நாளில் முழு மதிப்பெண்

லட்சுமண்பூர் 2 என்ற கரையில், கடல் அரித்துக் குடைந்த பாறை வளைவு. குடியேறிய வங்காளிகள் ஹவ்ரா பாலம் என்று கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வண்டி நிற்கும் இடத்தில் இளநீர், எலுமிச்சைச் சாறு விற்கும் கடைகள். அங்கிருந்து படி இறங்கி மரநிழலில் நடந்தால் கரை. கரையிலிருந்து பாறை மேலேயே நடந்து வளைவை அடைய வேண்டும். நடக்கிற தூரம் கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வோர் அடியும் பார்த்து வைக்க வேண்டிய இடம் என்பதால் நேரம் பிடிக்கும்.

வளைவைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பாதிக் காசு வீண். இங்கே சரக்கே வழியிலிருக்கும் குட்டைகளில்தான் இருக்கிறது. ஒரு குட்டையருகே குந்தி, நிழல் விழாதபடி இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் ஒன்றுமே இருக்காது. பிறகு கல் என்று நினைத்த ஒன்று சங்கைச் சுமந்துகொண்டு நகரும், அது துறவி நண்டு. கறுப்பு வெள்ளரிக்காய் போல் கிடப்பது கடல் அட்டை, அதன் ஒரு முனை மணலை மென்றுகொண்டே இருக்கும். பாறை இடுக்கில் நீலமும் பச்சையும் கலந்த நெளிநெளியான உதடு தெரிந்தால் அது ராட்சதச் சிப்பி. உங்கள் கை நிழல் அதன் மேல் விழுந்ததும் உதடு சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், அதன் ஓரமெங்கும் ஒளியை உணரும் சின்னஞ்சிறு கண்கள். அதிர்ஷ்டமிருந்தால் பொந்திலிருந்து அஞ்சாலை மீன் தலை நீட்டும். வரிவரியான கடற்பாம்பு பாறையில் கிடந்தாலும் கிடக்கும். நச்சு கடுமையானது, சுபாவம் சாது. தானாக நகரும்வரை ஒதுங்கி நில்லுங்கள்.

கணக்கு இதுதான்: அட்டவணையில் வற்றம் எத்தனை மணியோ அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் பாறையில் இறங்குங்கள். வற்றத்துக்குப் பிறகு முக்கால் மணி நேரத்துக்குள் திரும்ப ஆரம்பியுங்கள். வற்றம் 3.40 என்றால் 2.10க்கு இறங்கி 4.25க்குள் முதுகைக் காட்டிவிட வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? நீர் ஏறுவது ஒரே சீராக நடப்பதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளில் மூன்று மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. வித்தியாசம் 1.8 மீட்டர் உள்ள நாளில் முதல் மணியில் 15 சென்டிமீட்டர்தான் ஏறும், இன்னும் நேரமிருக்கிறது என்று தோன்றும். அடுத்த மணியில் 30. அதற்கடுத்த மணியில் 45, முழங்கால் தாண்டிவிடும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் தட்டின் அமைப்பு. முருகைத் தட்டின் விளிம்பு கடல் பக்கம் சற்று மேடு, கரையை ஒட்டிப் பள்ளம். மேட்டில் நின்று படம் எடுப்பவர் முன்னால் வரும் அலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நீர் அதற்குள் பக்கவாட்டு வாய்க்கால் வழியாகப் புகுந்து முதுகுக்குப் பின்னால் பள்ளத்தை நிரப்பியிருக்கும். கலங்கிய நீரில் அடியில் கூர்க்கல் தெரியாது. காலைக் கிழித்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் போகும்போது அல்ல, இந்தத் திரும்பும் வழியில்தான் கிழித்துக்கொள்வார்கள்.

செருப்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், சிக்கிக்கொண்டால் பட்டை பிய்யும். கடைகளில் விற்கும் மெல்லிய துணி நீர்க்காலணி மணலுக்குச் சரி, முருகைக்கல்லுக்கும் கடல் முள்ளெலியின் ஊசிக்கும் தாங்காது. குதிகாலில் பட்டை உள்ள, தடித்த அடியுள்ள சாண்டல்தான் வேண்டும். பச்சையாகப் பளபளக்கும் பாறையை விட்டு, சொரசொரப்பாக வெளுத்துக் கிடக்கும் பாறையில் கால் வையுங்கள். பிடிமானத்துக்குக் கையை ஊன்றாதீர்கள், இடுக்கில் கல்மீன் (கல் போலவே கிடக்கும் நச்சு முள் மீன்) இருந்தால் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள், உள்ளே உயிர் இருந்தால் ஊசி போல் நஞ்சு பாய்ச்சும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. முள்ளெலி முள் ஏறினாலோ கல்மீன் குத்தினாலோ, சூடு தாங்கும் அளவு வெந்நீரில், 45 டிகிரியை மீறாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை அமிழ்த்தி வைப்பது முதலுதவி. பிறகு நீல் கேந்திராவிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். கல்மீன் என்றால் வெந்நீர் தேடித் தாமதிக்காமல் உடனே.

வழிகாட்டி வேண்டுமா? படி இறங்கும் இடத்தில் உள்ளூர்ப் பையன்கள் நிற்பார்கள், ஒரு குழுவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். எங்கள் தீர்ப்பு: கட்டாயம் எடுங்கள். தனியாகப் போனால் ஐந்து உயிரைப் பார்க்கும் இடத்தில் அவர்களோடு இருபதைப் பார்க்கலாம், வழுக்காத தடமும் தெரியும். ஆனால் ஆளைப் பார்த்து எடுங்கள். கடல் அட்டையைத் தூக்கி உங்கள் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்கச் சொல்பவர் என்றால் நாசூக்காக மறுத்துவிடுங்கள். கடல் அட்டையும் ராட்சதச் சிப்பியும் கல்முருகையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை, புலிக்குள்ள அதே அந்தஸ்து. தூக்குவதால் அதற்கும் கேடு: பயந்துபோன சில வகை அட்டைகள் வெள்ளைப் பசை நூலைக் கக்கும், சில வகைகள் குடலையே வெளியே தள்ளிவிடும்.

மதிப்பெண்: 0.5 மீட்டருக்குக் கீழே வற்றும் நாளில் ஐந்துக்கு ஐந்து. ஏற்ற நேரத்தில் பூஜ்யம். தூரத்தில் வளைவின் மேல் பாதி மட்டும் தெரியும், அதற்குப் படி இறங்கி ஏறிய மூட்டுவலிதான் மிச்சம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று அலையை நேராக இந்தப் பக்கம் தள்ளுவதால், அட்டவணை நல்ல எண்ணைக் காட்டினாலும் விளிம்புக்குப் போக வேண்டாம்.

பரத்பூர்: நீர் ஏறினால்தான் கடற்கரை

கப்பல் துறைக்கு நடக்கும் தூரத்தில் இருப்பதால் தீவிலேயே அதிகக் கூட்டம் இங்கேதான். கண்ணாடிப் படகு, ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டி நீந்திப் பார்ப்பது), ஜெட் ஸ்கீ எல்லாம் விற்கும் இடம். ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம், அதாவது மொத்தம் மூன்று மணி நேரம், இது நீந்தவும் குழந்தைகளை இறக்கிவிடவும் அருமையான குளம். வற்றத்தில் கடற்புல்லும் செத்த முருகைத் துண்டும் வெளியே தெரியும், நீந்த ஆழம் வேண்டுமென்றால் அவற்றை மிதித்துக்கொண்டு வெகுதூரம் போக வேண்டும். கடற்புல்லைக் குறை சொல்லாதீர்கள், கடற்பசு என்கிற ஆவுளியா மேய்கிற மேய்ச்சல் நிலம் அது. அந்தமானின் மாநில விலங்கும் ஆவுளியாதான்.

கண்ணாடிப் படகுக்காரர் எந்த நேரமும் நல்ல நேரம் என்பார். அப்படியல்ல. நீர் இறங்கும்போது தட்டின் மேலிருக்கும் தூசும் மணலும் கலங்கி வெளியே வரும், கண்ணாடிக்குக் கீழே வெள்ளை மூட்டம்தான் தெரியும். நன்றாக வற்றிவிட்டால் படகு முருகைப் பாரைத் தாண்டவே முடியாது, கூட்டிக்கொண்டு போய்க் கரையோரத்துச் செத்த கல்லைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திருப்புவார்கள். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில், ஆழ்கடலின் தெளிந்த நீர் உள்ளே வரும்போது ஏறுங்கள். சூரியன் ஓரளவு உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது. பௌர்ணமி, அமாவாசை வாரத்தில் காலை 8 முதல் 10 வரை இந்த இரண்டும் ஒன்றுகூடும். ஸ்நார்கெலிங்குக்கும் அதே நேரம்: காலுதைப்பு முருகையில் படாத ஆழம் இருக்கும், ஏற்றத்தின் உச்சியில் நீரோட்டமும் நின்றிருக்கும்.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை: நீரில் இருக்கும் நிமிடம் எத்தனை (படகுப் பயண நேரத்தைச் சேர்க்காமல்), ஓர் ஆளுடன் எத்தனை பேர், முகமூடி மாற்றிப் பார்க்க விடுவார்களா. முகமூடியைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சிழுத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், விழுந்தால் வேறு கேளுங்கள். மீசை உள்ளவர்களுக்குத் தண்ணீர் கசியும், மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் தீரும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் முழுக்க முருகைகள் வெளிறிச் செத்தன. விளம்பரப் படத்தில் இருக்கும் வண்ணத்தோட்டத்தை பரத்பூரில் எதிர்பார்க்க வேண்டாம். மீன் உண்டு, முருகை திட்டுத் திட்டாகத்தான்.

மதிப்பெண்: ஏற்றத்தில் நாலு, வற்றத்தில் ஒன்றரை.

லட்சுமண்பூர் 1, சீதாபூர், ராம்நகர்

லட்சுமண்பூர் 1 மேற்குக் கரை, அஸ்தமனத்துக்கு எல்லா ஆட்டோவும் இங்கேதான் வந்து நிற்கும். அகன்ற வெள்ளை மணல், காலாற நடக்க எந்த நேரமும் சரி. நீந்த வேண்டுமானால் நீர் ஏறியிருக்க வேண்டும், வற்றினால் மணல் முடிந்ததும் கல்தான். டிசம்பரில் 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஜூனில்கூட ஆறைத் தொடாது. நம் ஊர்க் கணக்கில் ஆறரைக்குப் போகலாம் என்று டீ குடித்துக்கொண்டிருந்தால் இருட்டைத்தான் பார்க்கலாம். அஸ்தமனத்தில் மணல் ஈ கடிக்கும். கடித்தபோது தெரியாது, இரவில் அரிக்கத் தொடங்கினால் நாள்கணக்கில் விடாது. ஈரமணலில் நேராக உட்காராமல் விரிப்புப் போட்டு, முழங்கால் வரை மூடிக்கொள்ளுங்கள். ஏற்றமும் வற்றமும் இந்தக் கரையை அதிகம் கெடுப்பதில்லை, எந்த நேரத்துக்கும் நாலு கொடுக்கலாம்.

சீதாபூர் கிழக்கு முனை, உதயத்துக்கு. பிறந்த கதையே வேறு: எதிரே திறந்த கடல், அலை உண்டு. ஓரத்தில் அரித்த பாறைச்சுவர். நீர் வற்றினால் சுவரின் அடியோரமாக நடந்து குடைவுகளைப் பார்க்கலாம், ஏறினால் மணல் ஒடுங்கி அலை மரவேர் வரை வரும். பாறை முனையைச் சுற்றிப் போய்விட்டால் திரும்பி வர அதே வழிதான், நீர் ஏறும் நேரத்தில் முனையைத் தாண்டவே கூடாது. நல்ல நாள் திருதியை, சதுர்த்தி: விடியற்காலை 5 முதல் 6 மணிக்குள் வற்றமும் உதயமும் கைகோத்து வரும். கோடையில் உதயம் 5 மணிக்கு முன்பே என்பதை மறக்க வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் இங்கே இறங்கிக் குளிப்பதைத் தவிருங்கள்.

ராம்நகரில் கூட்டமில்லை, கடையில்லை, கல் நிறைய. அமைதி வேண்டுபவர்களுக்கு.

ஆட்டோ பேக்கேஜ், ஸ்கூட்டர், கப்பல்

போர்ட் பிளேரில் விற்கப்படும் ஒருநாள் பேக்கேஜுக்கு எங்களால் இரண்டுக்கு மேல் போட முடியவில்லை. ஓட்டுநர்கள் மேல் குற்றமில்லை, கால அட்டவணையின் குற்றம். கப்பல் முற்பகலில் இறக்கிவிடும், பிற்பகலில் ஏற்றிக்கொள்ளும். இடைப்பட்ட நேரத்தில் நாலு கரையையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியாக வேண்டும். அந்த நாலைந்து மணி நேரத்துக்குள் ஏற்றமும் முழு வற்றமும் சேர்ந்து வர வழியே இல்லை, இரண்டுக்கும் இடையே ஆறு மணி நேரம் வேண்டுமே. பரத்பூர் நன்றாக இருந்தால் பாலம் முழுகியிருக்கும், பாலம் கிடைத்தால் பரத்பூர் கல்லாக இருக்கும். ஒரு நாள்தான் இருக்கிறது என்பவர்கள் அட்டவணையைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை விட்டுவிடச் சொல்லுங்கள். ஓட்டுநருக்கு டீசல் மிச்சம், மறுக்கமாட்டார். "தாதா, பாட்டா கித்னே பஜே?" என்று கேட்டால் வற்றும் நேரத்தைச் சரியாகவே சொல்வார்கள். பேக்கேஜ் விற்ற ஆளிடம் இதைக் கேட்டுப் பயனில்லை, அவர் பெரும்பாலும் தீவில் இருப்பவர் அல்ல.

ஓர் இரவு தங்கினால் மதிப்பெண் தானாக ஏறும், இரண்டு இரவு என்றால் முழுத் தீவும் கிடைக்கும். பௌர்ணமியிலிருந்து துவிதியைக்குள் வரும் நாளுக்கு எங்கள் சிபாரிசு: காலை 8 முதல் 10 வரை பரத்பூர் நீரில், வெயிலில் அறையில் படுக்கை, பிற்பகல் 2 முதல் இயற்கைப் பாலம், அங்கிருந்து ஸ்கூட்டரில் லட்சுமண்பூர் 1க்குப் போய் அஸ்தமனம். துவிதியையில் வற்றம் பிந்துவதால், டிசம்பர் போன்ற குறுகிய நாட்களில் வற்றத்துக்குக் காத்திருக்காமல் 4 மணிக்கே பாறையிலிருந்து ஏறிவிடுங்கள். அஷ்டமியை ஒட்டி வர நேர்ந்தால் பாலத்தை மறந்துவிட்டு மாலையில் பரத்பூர், காலையில் சீதாபூர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியும் பணம் வீணாகாது.

ஸ்கூட்டர் வாடகை நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாயை ஒட்டி, சீசனுக்குத் தகுந்தபடி கூடும். தீவு சிறியது, ஒரு கோடியிலிருந்து மறுகோடி அரைமணிகூட ஆகாது. நேரம் நம் கையில் இருக்கும் என்பதால் ஆட்டோவைவிட இதற்கே எங்கள் ஓட்டு. எடுக்கும்போது பிரேக், ஹாரன், முன்விளக்கு மூன்றையும் பாருங்கள், ஐந்தரைக்கு இருட்டிவிடும் ஊரில் முன்விளக்கு அலங்காரமல்ல. பழைய கீறல்களை உரிமையாளர் முன்னாலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளும் கிடைக்கும், சாலை பெரும்பாலும் சமதரை, வயலும் பாக்குத் தோப்பும் இருமருங்கும். போர்ட் பிளேருக்கே காய்கறி அனுப்பும் தீவு என்பதால் சாப்பாட்டுக் கடைகளில் காய் புதிதாக இருக்கும், மீன் சோறு கேட்டால் கடுகு வாசத்தோடு வங்காளப் பக்குவத்தில் வரும்.

திரும்பும் கப்பலுக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைக்கு வந்துவிடுங்கள், அலை கூடினால் நேரம் மாறும், ரத்தும் ஆகும். விமானம் பிடிக்க வேண்டிய அதே நாளில் நீலிலிருந்து கிளம்பும் திட்டம் வேண்டவே வேண்டாம், நடுவில் ஓர் இரவு போர்ட் பிளேரில் போடுங்கள். பையில் சங்கு, முருகைத் துண்டு ஏதும் இருந்தால் கரையிலேயே கொட்டிவிடுங்கள். விமான நிலைய ஸ்கேனரில் அது தெரியும், பொறுக்கினதுதானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது. குழந்தைகளின் பையைத் தனியாகச் சோதித்துவிடுங்கள்.